ஃப்ளாரன்ஸ் உஃபிஸி: போத்திசெல்லிக்கு முன்னால் இருக்கும் அறைகள்

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இருக்கும் உஃபிஸி கலைக்கூடத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் மாடிக்கு ஏறியதும் முதல் சில அறைகளை வேகநடையில் கடந்து, போத்திசெல்லியின் வீனஸ் முன்னால் போய்த்தான் நிற்கிறார்கள். கொடுத்த காசில் பாதி அங்கேயே வீண். ஐரோப்பிய ஓவியம் இடைக்காலத்திலிருந்து மறுமலர்ச்சிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை மூலப் படைப்புகளைக் கொண்டே, ஒரே நடையில் பார்த்துவிட இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த ஒரு காரியத்துக்கு இந்தக் கூடம் எவ்வளவு உதவுகிறது, எங்கே வழி தவற வைக்கிறது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறோம். காரவாஜியோ, ரஃபேல் ரசிகர்கள் மன்னிக்கவும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். படைப்புகளுக்கு முழு மதிப்பெண். அவை அடுக்கப்பட்டிருக்கும் வரிசை சொல்லும் கதைக்குப் பாதி மதிப்பெண்தான். இந்தக் கட்டடத்தை 1560இல் ஃப்ளாரன்ஸின் ஆட்சியாளர் முதலாம் கோசிமோ தெ மெதிச்சிக்காக, அரசு அலுவலகங்களாகக் கட்டத் தொடங்கியவர் ஜோர்ஜோ வசாரி. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1550இல் எழுதி, 1568இல் விரித்து வெளியிட்டவரும் அவரே. சிமாபுவே, ஜியோத்தோ காலத்தில் ஓவியம் கண் விழித்தது, மசாச்சோ காலத்தில் வளர்ந்தது, மைக்கேலாஞ்சலோவிடம் முழுமை பெற்றது என்பது அவர் போட்ட படிக்கட்டு. அறைகளும் ஏறத்தாழ அந்தப் படிக்கட்டிலேயே ஏறுகின்றன. வரையத் தெரியாதவர்களிடமிருந்து தெரிந்தவர்களை நோக்கி ஒரு நேர்கோடு போகிறது என்ற எண்ணம் பார்ப்பவருக்குத் தானாகவே வந்துவிடும். பலகைகளை (மரப்பலகையில் வரைந்த ஓவியங்களை) கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் அப்படி இல்லை. திறமை கூடியதும் குறைந்ததும் ஒருபுறம் இருக்கட்டும். காசு கொடுப்பவர் எதற்குக் காசு கொடுத்தார் என்பதே அதிகம் மாறியிருக்கிறது. தங்கத்துக்கும் விலையுயர்ந்த நீல வண்ணத்துக்கும் கொடுத்த பணம் கொஞ்சம் கொஞ்சமாக ஓவியனின் கைக்குப் போகிறது. அதுவும் ஒரே சீராகப் போகவில்லை.

நடைமுறை விஷயங்களை முடித்துவிட்டு உள்ளே போவோம். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 8.15க்குத் திறந்து மாலை 6.30க்கு மூடுகிறார்கள், சீட்டு வழங்குவது 5.30உடன் நின்றுவிடும். சீட்டு 25 யூரோ, முன்பதிவுக்கு 4 யூரோ கூடுதல். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அதிகாரபூர்வத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அங்கேயே வாங்குங்கள். 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று இடைத்தரகர்கள் கூடுதல் விலைக்கு விற்பதும் பெரும்பாலும் இதே முன்பதிவுச் சீட்டுதான். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். பலகையைக் கிட்டப் போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது. பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், பொருள் காப்பறையில் கொடுக்க வேண்டும். அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கொண்டுபோக முடியாது. முக்காலி, செல்ஃபி குச்சி, ஃப்ளாஷ் மூன்றுக்கும் தடை. படி அதிகம், மூட்டுவலிக்காரர்கள் மின்தூக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை எண்களை நம்ப வேண்டாம். பழைய கையேடுகளில் இருக்கும் 2, 10–14 போன்ற எண்கள் மாற்றப்பட்டு இப்போது எழுத்தோடு சேர்ந்த எண்கள் வந்துவிட்டன. பராமரிப்புக்காகச் சில அறைகள் மூடப்படுவதும் உண்டு. ஓவியர் பெயரைச் சொல்லிக் காவலரிடம் கேட்பதே விரைவான வழி.

முதல் பெரிய அறை ஒன்றுக்காகவே சீட்டு வாங்கலாம். சிமாபுவே, தூச்சோ, ஜியோத்தோ ஆகிய மூவரும் வரைந்த, சிம்மாசனத்தில் குழந்தை இயேசுவோடு வீற்றிருக்கும் மாதாவின் மூன்று பெரும்பலகைகள் இங்கே ஒரே அறையில் இருக்கின்றன. 1950களில் மிக்கெலூச்சி, ஸ்கார்ப்பா, கார்தெல்லா என்ற மூன்று கட்டடக் கலைஞர்கள் இந்த அறையை வடிவமைத்தார்கள். மேலே திறந்த மர உத்தரங்கள், வெறும் வெள்ளைச் சுவர். பழைய தேவாலயத்தின் உள்கூடத்தைப் போன்ற அமைப்பு. காட்சிப்படுத்தல் என்ற வகையில் கூடத்திலேயே சிறந்த அறை இதுதான், கூட்டமும் மற்ற அறைகளை விடக் குறைவு.

மூன்றும் பார்த்தவுடன் ஒரே மாதிரித் தோன்றும். நான்கைந்து மீட்டர் பின்னால் நின்று முதலில் சிம்மாசனத்தை மட்டும் பாருங்கள். சிமாபுவேயின் பலகை சாந்தா திரினித்தா தேவாலயத்திலிருந்து வந்தது, உயரம் 385 செ.மீ. சிம்மாசனம் முன்பக்கமாக விரிகிறது, ஆனால் மாதா அதில் அமர்ந்திருக்கிறாரா, அதன் முன் மிதக்கிறாரா என்று சொல்வது கடினம். எட்டு வானதூதர்கள் இருபுறமும் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கப்பட்டிருக்கிறார்கள். தூச்சோவுடையது 450 செ.மீ. உயரம். அவருடைய ஆறு தூதர்கள் எந்தத் தரையும் இல்லாமல் அந்தரத்தில் மண்டியிட்டுச் சிம்மாசனத்தைத் தாங்குகிறார்கள். ஜியோத்தோவின் பலகை ஓஞ்ஞிஸ்ஸாந்தி தேவாலயத்துக்காக 1300களின் தொடக்கத்தில் செய்தது, 325 செ.மீ., மூன்றில் சிறியது இதுதான். ஆனால் அறையில் அதிக எடை உள்ளவராகத் தெரிவது இந்த மாதாதான். வெள்ளை உள்ளாடைக்கு அடியில் முழங்கால் புடைத்துத் தெரிகிறது, மார்பு தெரிகிறது, உதடு லேசாகத் திறந்து பல் நுனி தெரிகிறது. சிம்மாசனத்தின் பக்கச் சுவர்களில் திறப்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியே பின்னால் நிற்பவர்களின் முகங்கள் தெரிவதால், அந்த ஆசனத்துக்குள் காற்று இருக்கிறது என்று கண் நம்பிவிடுகிறது. பின்வரிசையினரின் முகத்தை முன்வரிசையினரின் ஒளிவட்டம் மறைப்பதையும் கவனியுங்கள். புனிதரின் முகத்தைத் தங்கத் தட்டால் மறைக்கத் துணிவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல.

அடுத்து ஆடை. சிமாபுவேயின் மாதா அணிந்த ஆடையில் மடிப்புகள் எல்லாம் தங்கக் கோடுகளால் வரையப்பட்டவை. பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) படங்களிலிருந்து வந்த முறை. ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதோடு இந்தக் கோடுகளுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. தூச்சோ மாதாவின் மேலாடையிலிருந்து அவற்றை எடுத்துவிட்டு, ஓரத்தில் மட்டும் ஒரே தங்கக் கரையை ஓட விடுகிறார். அது வளைந்து நெளிந்து கீழே இறங்கும் அழகைப் பார்க்க மட்டுமே பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஜியோத்தோவிடம் மடிப்புகள் வெளிச்சமும் நிழலுமாக மாறிவிட்டன. மூன்று பலகைக்கும் இடையே சுமார் இருபது, முப்பது வருடம்தான். 'யார் முன்னேறியவர்' என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடுவது உத்தமம். தூச்சோவின் கோடு ஜியோத்தோவிடம் இல்லை, ஜியோத்தோவின் எடை தூச்சோவிடம் இல்லை.

தூச்சோ பலகைக்கு ஒப்பந்தமே கிடைத்திருக்கிறது. 1285 ஏப்ரல் 15 தேதியிட்டது. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மாலை நேரங்களில் மாதாவுக்குத் துதிப்பாடல் பாடும் சபை ஒன்று கொடுத்த வேலை. கூலி 150 லிரா. பலகையைச் சபை தரும். தங்கமும் நீலமும் ஓவியர் தன் செலவில் போட வேண்டும். வேலை முடிந்து பார்க்கையில் சபைக்குப் பிடிக்கவில்லை என்றால் காசு தரவேண்டியதில்லை, படம் ஓவியரிடமே இருக்கும். இவ்வளவு தெளிவான பத்திரம் இருந்தும் வசாரி இதைச் சிமாபுவேயின் படைப்பு என்று எழுதி, அது நெடுங்காலம் அப்படியே நம்பப்பட்டது. பக்கத்து ஊர் சியெனாவின் தூச்சோவுக்குப் போக வேண்டிய பெயர் ஃப்ளாரன்ஸ்காரருக்குப் போனது தற்செயல் என்று தோன்றவில்லை.

இந்தப் பலகைகள் எப்படிச் செய்யப்பட்டன என்று தெரிந்துகொண்டு போனால் பார்வையே வேறாகிவிடும். பாப்லர் மரப் பலகைகளை ஒட்டி, மேலே துணி ஒட்டி, ஜிப்சத்தை விலங்குப் பசையில் குழைத்துப் பூச்சுமேல் பூச்சாகப் பூசுவார்கள். 1400 வாக்கில் செய்முறை நூல் எழுதிய சென்னீனோ சென்னீனி, நைசான பூச்சு மட்டுமே எட்டு முறையாவது வேண்டும் என்கிறார். அதைச் சுரண்டித் தந்தம்போல வழுவழுப்பாக்கி, தங்கம் வரும் இடத்தில் செம்மண் குழம்பு பூசி, முட்டை வெள்ளைக்கரு கலந்த நீரால் நனைத்துத் தங்க ரேக்கை ஒட்டி, கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். வண்ணம் அதற்குப் பிறகுதான். வண்ணப் பொடியை முட்டை மஞ்சள் கருவில் குழைத்துப் பூசுவது டெம்பரா. அது உடனே காய்ந்துவிடும் என்பதால் இரண்டு நிறங்களைப் பலகையிலேயே இழைய விட முடியாது. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுத்தான் நிழலைக் கொண்டுவர வேண்டும். தடுப்பு வரை நெருங்கிப் போய்க் கன்னத்தைப் பாருங்கள், அந்தக் கோடுகள் தெரியும்.

கெட்டுப்போவதும் இந்தச் செய்முறையின்படியே கெடுகிறது. முகங்கள் பச்சையாகத் தெரிந்தால் ஓவியர் அப்படி நினைத்ததாகக் கொள்ள வேண்டாம். சதை நிறத்துக்கு அடியில் பச்சைமண் பூசி அதன் மேல் இளஞ்சிவப்பைப் போடுவது அன்றைய முறை. பல நூற்றாண்டுச் சுத்திகரிப்பில் மேல்பூச்சு தேய்ந்ததும் பச்சை வெளியே வந்துவிட்டது. தங்கத்தில் சிவப்புத் திட்டுகள் தெரிவது ரேக்கு தேய்ந்து அடிமண் எட்டிப் பார்ப்பது. மேலிருந்து கீழாக ஓடும் நேரான வெடிப்பு, பலகைகள் சேரும் இடம். மரம் இழைக்குக் குறுக்காகச் சுருங்குவதால் வருவது. மாதாவின் மேலாடை கருப்பாக இருந்தால் பெரும்பாலும் அது கருத்துப்போன நீலம். தூச்சோ பலகையில் 1989இல் முடிந்த சுத்திகரிப்புக்குப் பிறகுதான் நீலம் நீலமாகத் திரும்பியது.

கூடத்தின் மேல் பெரிய குறை ஒன்று இங்கே உண்டு. தங்கப் பின்னணி அசையும் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது. மெழுகுவத்தி அசைந்தால் தங்கம் அசையும், அச்சுக் குத்திய ஒளிவட்டம் மின்னும். அசையாத மின்விளக்கில் அது செத்துப்போகிறது. மாற்று வழி, நீங்கள் அசைவதுதான்: பலகையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மெதுவாக நடந்து, ஒருமுறை முழங்காலை மடக்கித் தாழ்ந்தும் பாருங்கள். யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த அறையில் சிமோனே மார்த்தினியும் லிப்போ மெம்மியும் 1333இல் சியெனா பேராலயத்துக்குச் செய்த மங்கள வார்த்தைப் பலகை: இயேசுவைப் பெறப்போகிறாய் என்று தூதர் மாதாவிடம் சொல்லும் காட்சி. 'அருள் நிறைந்தவளே வாழ்க, ஆண்டவர் உம்முடனே' என்ற லத்தீன் சொற்கள் தூதரின் வாயிலிருந்து மாதாவின் காது வரை தங்கத்தில் புடைத்து நீள்கின்றன. ஜிப்சத்தைப் புடைக்க வைத்து மேலே ரேக்கு ஒட்டும் இந்த வேலையைப் பார்த்ததும் தஞ்சாவூர்ப் படம் நினைவுக்கு வராத தமிழர் இருக்க மாட்டார். இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை, நோக்கம் மட்டும் ஒன்று. மாதா உடலைத் திருப்பிக்கொண்டு சுருங்குகிறார். அந்தச் சுருக்கத்தில் ஒரு உண்மையான பெண்ணின் தயக்கம் இருக்கிறது, பின்னணியிலோ அறையும் இல்லை, சுவரும் இல்லை. உணர்ச்சி புதிது, இடம் பழையது. பக்கத்திலேயே அம்ப்ரோஜோ லோரென்செத்தி 1342இல் வரைந்த, குழந்தையை ஆலயத்தில் காணிக்கையாக்கும் படம். கட்டம்போட்ட தரை உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகிறது. கணக்காகக் கற்பிக்கப்பட்ட பெர்ஸ்பெக்டிவ் (தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் முறை) வருவதற்கு எழுபது, எண்பது வருடம் முன்னால், கண்ணளவில். 1348இல் கொள்ளைநோய் வந்தது. அதற்குப் பிறகு லோரென்செத்தி சகோதரர்கள் இருவரின் பெயரும் ஆவணங்களில் இல்லை.

1348க்கும் 1420க்கும் இடைப்பட்ட ஃப்ளாரன்ஸ் அறையை வேகமாகக் கடக்கலாம். நேரத்தைச் சேமித்து ஜென்த்திலே தா ஃபாப்ரியானோவிடம் செலவழியுங்கள்.

குழந்தை இயேசுவை மூன்று ராஜாக்கள் வணங்கும் இந்தப் பீட ஓவியம் 1423இல் முடிந்தது. செய்யச் சொன்னவர் பல்லா ஸ்த்ரொஸ்ஸி. 1427ஆம் ஆண்டு வரிக்கணக்கின்படி ஃப்ளாரன்ஸின் முதல் பணக்காரர். காசு எங்கே போனது என்று கேட்க வேண்டியதே இல்லை. குதிரைக் கடிவாளம், கிரீடம், வாள்பிடி எல்லாம் புடைத்துத் தங்கம் பூசியவை. பட்டாடைகளில் அடியில் ரேக்கு ஒட்டி, மேலே வண்ணம் பூசி, வண்ணத்தைச் சுரண்டிப் பூவேலையை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். படத்தில் காலி இடமே இல்லை. இதை 'இடைக்காலத்தின் கடைசி ஆடம்பரம்' என்று சொல்லி நகர்த்திவிடுவது வழிகாட்டிகளின் வழக்கம். அவர்கள் போன பிறகு குனிந்து, கீழே இருக்கும் சிறு பலகைகளைப் பாருங்கள். பிறப்புக் காட்சியில் இரவு. ஒளி குழந்தையிடமிருந்து கிளம்பி மாதாவின் முகத்தில் விழுகிறது, எதிர்ப்பக்கம் நிழல் விழுகிறது. மேலே பழைமை என்று கழித்துக்கட்டிய அதே பலகையின் அடியில், அன்றைக்கு மிகப் புதிதான காரியம். சிறு பலகைகளில் ஒன்று இங்கே நகல்தான், மூலம் பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது.

இதற்கு ஓரிரு வருடம் கழித்து, அதே ஊரில், சாந்த் அம்ப்ரோஜோ தேவாலயத்துக்காக மசோலினோவும் மசாச்சோவும் சேர்ந்து ஒரு பலகை செய்தார்கள்: பின்னால் மாதாவின் தாய் புனித அன்னம்மாள், முன்னால் மாதா, மடியில் குழந்தை. இந்தக் கூடத்தில் மாற்றத்தைக் கண்ணால் தொட்டுப் பார்க்க ஒரே ஒரு படம்தான் என்றால் இதையே சொல்லலாம், ஏனென்றால் இரண்டு காலமும் ஒரே பலகையில் இருக்கின்றன. அன்னம்மாளும் பெரும்பாலான தூதர்களும் மசோலினோ கை: மென்மையான முகம், எடையற்ற உடல். மாதாவும் குழந்தையும், மேலே வலப்பக்கம் திரையைப் பிடித்திருக்கும் தூதரும் மசாச்சோ கை என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிவு. மாதா, முழங்கால்கள் இருபுறமும் விரிய, கூம்பாக உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. குழந்தை கொழுகொழுவென்று இல்லை, சதையும் பலமுமாக இருக்கிறது. குழந்தையின் தலைக்கு மேல் நீளும் அன்னம்மாளின் கையையும் பாருங்கள். இடையில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளப்பதற்கே வைத்ததுபோல் இருக்கும். மசாச்சோ 1428இல், முப்பது வயதைக்கூடத் தொடாமல் இறந்தார்.

பெர்ஸ்பெக்டிவைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. படத்தை நேராக நின்று ஃபோனில் எடுத்து, திரையில் ஒரு தாளின் ஓரத்தை வைத்துத் தரைக் கோடுகளை நீட்டிப் பாருங்கள். ஜியோத்தோவின் சிம்மாசனத்தில் கோடுகள் ஒரே புள்ளியில் சேராது. 1410களில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி செய்து காட்டி, 1435இல் அறிஞர் ஆல்பெர்த்தி எழுத்தில் வைத்த முறைக்குப் பின் வந்தவற்றில் சேரும். அந்தச் சேரும் இடம் மறைபுள்ளி; அது எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பார்ப்பவரின் கண்மட்டம். உச்செல்லோவின் சான் ரொமானோ போர்ப் படத்தில் இதைச் செய்து பாருங்கள். 1432இல் நடந்த சண்டையைப் பற்றிய மூன்று பலகைகளில் ஒன்று இங்கே, மற்றவை லண்டனிலும் பாரிஸிலும். கீழே விழுந்த ஈட்டிகள் எல்லாம் யாரோ அளவுகோல் வைத்து அடுக்கியதுபோல் உள்நோக்கிப் போகின்றன. செத்துக்கொண்டிருக்கும்போதும் ஒழுங்கு தவறவில்லை. பின்னால் நாய்கள் முயலை விரட்டும் மலைச்சரிவுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. தொங்கவிட்ட திரைச்சீலைபோல் நேராக மேலே ஏறுகிறது. கவசங்கள் கருத்துத் தெரிவது வெள்ளி ரேக்கு காற்றில் கருத்ததால். வரைந்த காலத்தில் அவை பளபளத்திருக்கும்.

ஆல்பெர்த்தியின் நூலில் இந்த அறைகளுக்கு முக்கியமான இன்னொரு யோசனையும் உண்டு: தங்கத்தைத் தங்கத்தாலேயே காட்டுவதை விட, சாதாரண வண்ணத்தால் தங்கத்தின் மினுமினுப்பைக் காட்டும் ஓவியனுக்கே புகழ் அதிகம் என்கிறார். அதைப் படித்தபின் தொமெனிகோ வெனெசியானோவின் சாந்தா லூச்சியா பீட ஓவியத்தைப் பாருங்கள். 1440களின் நடுவில் செய்தது. தங்கப் பின்னணி போய்விட்டது. வெளிர் ரோஜாவும் பச்சையுமான முற்றத்தில் காலை வெயில் விழுகிறது. ஊர்பினோ பிரபு, அவர் மனைவி இருவரையும் பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்கா வரைந்த இரட்டைப் படம், தலைக்கு 47 செ.மீ. உயரம்தான். சுற்றிவந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள், பின்பக்கத்து ஊர்வலத்தையும் தவறவிடாதீர்கள். பிரபுவின் இடப்பக்கம் மட்டுமே தெரிவதற்குக் காரணம், வலக்கண்ணை அவர் இழந்திருந்தது.

வசாரியின் படிக்கட்டை உடைக்கும் படம் எது என்று கேட்டால், போர்த்தினாரி பீட ஓவியம்தான். ப்ரூஜ் நகரில் மெதிச்சி வங்கியை நடத்திய தொமாஸோ போர்த்தினாரி, ஹ்யூகோ வான் டெர் கூஸ் என்ற ஃப்ளெமிஷ் ஓவியரிடம் செய்வித்தது. மூன்று பலகையும் சேர்த்துச் சுமார் ஆறு மீட்டர் அகலம். கடல்வழியாக வந்து, 1483 மே மாதம் பதினாறு சுமைதூக்கிகளின் உதவியோடு சாந்தா மரியா நுவோவா மருத்துவமனைத் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் வண்ணம். கண்ணாடிக் குவளையில் தண்ணீரும், தண்ணீரில் ஒளியும், தரையில் விழும் அதன் நிழலும். இடையர்களின் அழுக்கு நகமும் பல் போன வாயும். டெம்பராவில் இதைச் செய்யவே முடியாது. எண்ணெய் மெதுவாகக் காய்வதால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும். ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை அடுக்கலாம். அதே படத்தில், காசு கொடுத்த குடும்பத்தினர் புனிதர்களின் இடுப்பளவுக்குத்தான் இருக்கிறார்கள். பெரியவர் பெரிதாகவும் சிறியவர் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்ற இடைக்கால விதி, ஃப்ளாரன்ஸில் மறைபுள்ளி வந்து ஐம்பது வருடத்துக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறது. பழையதா, புதியதா? ஃப்ளாரன்ஸ்காரர்கள் யோசிக்கவில்லை, கற்றுக்கொண்டார்கள். கிர்லாந்தாயோ 1485இல் சாந்தா திரினித்தாவில் வரைந்த பீட ஓவியத்தில் இந்த இடையர்கள் அப்படியே வந்துவிட்டார்கள். அந்தத் தேவாலயம் பத்து நிமிட நடை.

போத்திசெல்லி அறையில் கூட்டம் எப்போதும் இருக்கும். வீனஸின் பிறப்பும் வசந்தமும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், நேர் எதிரே நின்றால் உங்கள் முகமும் தெரியும். சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். முன் அறைகளை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இங்கே ஒரு வியப்பு உண்டு. 1485 வாக்கில் செய்த வீனஸ் படத்தில் ஆழம் கிட்டத்தட்ட இல்லை. கடல் அலைகள் சின்னச் சின்ன வளைகோடுகள். முடியிலும் இலையிலும் தங்கம் திரும்பி வந்திருக்கிறது. மசாச்சோ காட்டியது போத்திசெல்லிக்குத் தெரியாமல் இல்லை. வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

கடைசியாக, மேற்குத் தாழ்வாரத்தில் லியோனார்டோ அறை. வெரோக்கியோவின் பட்டறையில் 1470களில் செய்த கிறிஸ்துவின் திருமுழுக்குப் படத்தில் இடது ஓரத் தூதர் லியோனார்டோவுடையவர். அவர் தொட்ட பகுதிகளில் எண்ணெய். பக்கத்தில் இருக்கும் தூதரோடு ஒப்பிட்டால், முகத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாது. மங்கள வார்த்தைப் படத்தில் மாதாவின் வலக்கை நீண்டு தவறாகத் தெரியும். படத்தின் வலது ஓரத்துக்கு நகர்ந்து பாருங்கள், கை சரியாகிவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் இடத்துக்காகச் செய்தது என்பது ஒரு விளக்கம். முடிக்காமல் விட்ட ராஜாக்கள் வணக்கம் 1481இல் ஒப்புக்கொண்ட வேலை. 2012 முதல் 2017 வரை சுத்தம் செய்த பிறகு அடிவரைவு நன்றாகத் தெரிகிறது. ஜென்த்திலேயின் அதே காட்சி, அறுபது வருடம் கழித்து. ரேக்கு இல்லை, பட்டு இல்லை; பழுப்பு நிழல் மட்டும் முதலில் போட்டு, அதிலிருந்து முகங்கள் எழுகின்றன. இரண்டையும் ஃபோனில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேரக் கணக்கு: இந்த அறைகளுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். காலை 8.15 சீட்டு எடுத்தவர்கள் முதலில் போத்திசெல்லியை முடித்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பலாம். வரிசைப்படி பார்க்க விரும்பினால் பிற்பகல் 3.30 வாக்கில் நுழைவது நல்லது, குழுக்கள் கலையத் தொடங்கியிருக்கும். அறைகளுக்குள் உட்கார இடம் குறைவு. மேற்குத் தாழ்வாரத்து முனையில் லோஜா தெய் லான்சியின் மேல்தளத்தில் உணவகம் இருக்கிறது. காட்சி நன்று, விலை காட்சிக்கேற்றபடி. அறைகளில் வைத்த விளக்கக் குறிப்புகள் சுருக்கம்தான், செய்முறையைப் பற்றிச் சொல்வது அரிது. ஆகவே கொஞ்சம் படித்துவிட்டுப் போவது லாபம்.

உஃபிஸி தர முடியாதது ஒன்று உண்டு: சுவர். இந்த மாற்றத்தின் பாதி ஈரச் சுண்ணாம்பின் மேல் நடந்தது, அதில் பெரும்பாலானது இன்னும் அந்தந்தச் சுவரிலேயே இருக்கிறது. இந்த மாற்றத்தைக் காட்டும் மறுமலர்ச்சிச் சிற்பமும் இங்கே கிட்டத்தட்ட இல்லை. மறுநாள் காலை பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் ஞானஸ்நான ஆலயக் கதவுக்கான 1401 போட்டிக்கு கிபெர்த்தியும் புருனெல்லெஸ்கியும் செய்த இரண்டு வெண்கலப் பலகைகளை முதலில் பாருங்கள். ஓவியர்களுக்கு முன்னால் சிற்பிகள் எங்கே இருந்தார்கள் என்று தெரியும். பிறகு சாந்தா மரியா நொவெல்லாவில் மசாச்சோவின் திரித்துவம் என்ற சுவரோவியம்: மறைபுள்ளி ஏறத்தாழ நிற்பவரின் கண்மட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, சுண்ணாம்பில் கீறிய வழிகோடுகளும் இருக்கின்றன. ஆற்றின் மறுகரையில் மசாச்சோவின் சுவரோவியங்கள் இருக்கும் பிரன்காச்சி சிற்றாலயத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், உள்ளே நேரம் அளந்துதான் விடுவார்கள். இன்னொரு மணி நேரம் மிச்சம் இருந்தால் இன்னொசென்த்தி அனாதை இல்லத்து அருங்காட்சியகம். அங்கே கிர்லாந்தாயோவின் ராஜாக்கள் வணக்கம் இருக்கிறது. அதன் 1485 ஒப்பந்தம், நீலம் அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் (ஃப்ளாரன்ஸின் தங்க நாணயம்) தரத்தில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறது. இரண்டே வருடம் கழித்து ஸ்த்ரொஸ்ஸி குடும்பச் சிற்றாலயத்துக்கு ஃபிலிப்பினோ லிப்பியோடு போட்ட ஒப்பந்தமோ, உருவங்கள் முக்கியமாக அவர் கையாலேயே வரையப்பட வேண்டும் என்கிறது. அந்தச் சிற்றாலயமும் சாந்தா மரியா நொவெல்லாவிலேயே இருப்பதால், திரித்துவம் பார்க்கும் சீட்டிலேயே பார்த்துவிடலாம்.